மொரீஷியஸ் லெ பூஸ் மலைமுகட்டு நடை: ஜூலையில் எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

கொங்குநடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக ஜூலை மாதம் மொரீஷியஸ் செல்கிறோம். திருமணம் முடிந்த பிறகு எங்களுக்கென்று இரண்டு நாள்கள் கிடைக்கும். அந்த நாள்களைக் கடற்கரையில் கழிப்பதைவிட, தீவின் மலைமுகடு ஒன்றில் நடந்து உச்சியைத் தொட்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். உடன் வருபவர்கள் கல்லூரியில் படிக்கும் தம்பியும், அறுபது வயதைக் கடந்த அப்பாவும். அப்பா ஆண்டுதோறும் வெள்ளியங்கிரி ஏறுபவர். மூச்சு வாங்குவதில்லை, ஆனால் இறங்கும்போது முழங்கால் வலிப்பதாகச் சொல்வார்.

படித்தறிந்தவரை மூன்று மலைகள் எங்களுக்குப் பொருந்தும் எனத் தோன்றுகிறது: லெ பூஸ் (812 மீட்டர்), கோர் தெ கார்ட் (720 மீட்டர்), தென்மேற்கு முனையில் உள்ள லெ மோர்ன் (556 மீட்டர்). இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது, எந்தப் பக்கமிருந்து ஏறுவது, வழிகாட்டி தேவையா என்பவற்றை அங்கு நடந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். பாம்பு உண்டா என்பதை அம்மா கேட்கச் சொன்னார்.

கடல்சூழ் எழுதியது:

சகோதரி, வணக்கம். வேலையின் பொருட்டு நெடுங்காலமாக மொரீஷியஸின் காத்ர் போர்ன் நகரில் குடியிருக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட மூன்றிலும் நடந்தவன் என்ற முறையில், அப்பாவையும் அழைத்துக்கொண்டு வருவதென்றால் லெ பூஸ்தான் என் பரிந்துரை. உயரத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. எந்த இடத்தில் வேண்டுமானாலும் நின்று, வந்த வழியே பாதுகாப்பாகத் திரும்பிவிடலாம் என்ற வசதி அந்த மலையில் மட்டுமே முழுமையாக இருக்கிறது.

தெற்குப் பக்கத்தில் சேன் பியேர் ஊரைக் கடந்து லா லோரா செல்லும் சாலையின் அருகே பாதை தொடங்குகிறது. தொடக்கத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் வண்டித்தடம். ஜூலையில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருக்கும் என்பதால் லாரிகளுக்கு ஒதுங்கி நடக்க வேண்டியிருக்கும். கரும்பு முடிந்ததும் கொய்யாப் புதர்கள் அடர்ந்த காடு. நாம் அறிந்த கொய்யா அல்ல; சுண்டைக்காயைவிடச் சற்றே பெரிய சிவந்த பழம் தரும் சிறு மரம். அதன் தண்டுகள் பட்டை உரிந்து வழவழப்பாக இருக்கும். முன்பு நடந்தவர்களின் கைகள் பட்டுப் பட்டுப் பாதையோரத் தண்டுகள் மெருகேறியிருப்பதைக் காண்பீர்கள், ஏனென்றால் மழை பெய்தபின் அந்தச் சிவந்த களிமண்ணில் அவற்றைப் பற்றித்தான் ஏற முடியும்.

காட்டிலிருந்து வெளிப்பட்டதும் புல்வெளியும் புதருமாக அகன்று கிடக்கும் மலைத்தோளை அடைவீர்கள். நிதானமாக நடந்தால் இதுவரை ஏறத்தாழ ஒரு மணி நேரம். வடமேற்கே போர்ட் லூயிஸ் நகரம் முழுவதும் காலடியில் விரிகிறது: துறைமுகம், 1812 முதல் குதிரைப் பந்தயம் நடந்துவரும் ஷான் தெ மார்ஸ் மைதானம், அப்பால் கடல். வடகிழக்கே பீட்டர் போத் மலை, தன் உச்சியில் ஒரு பெரும் பாறையைச் சுமந்தபடி நிற்கிறது. இந்த முகடு முழுவதும் பழைய எரிமலை ஒன்றின் எச்சம். தீவின் முதல் எரிமலை எழுந்தது சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்றும், அதன் நடுப்பகுதி அமிழ்ந்தும் அரித்தும் போன பிறகு விளிம்பில் எஞ்சியவையே இன்றைய மலைத்தொடர்கள் என்றும் நிலவியலாளர்கள் விளக்குகிறார்கள். முகட்டின் ஒரு புறம் செங்குத்தாகவும் மறுபுறம் சரிவாகவும் இருப்பதற்குக் காரணம் அதுவே.

தோளிலிருந்து உச்சி வரை எஞ்சியிருப்பது ஒரு பாறை முனை. அங்கே கால் மட்டும் போதாது, கையையும் பயன்படுத்த வேண்டும். காய்ந்த நாளில் இருபது முப்பது நிமிட வேலை; நனைந்த நாளில் அப்பாவை அங்கே அழைத்துச் செல்லாதீர்கள். தோள்வரை வந்தாலே தீவின் பாதியைப் பார்த்துவிடலாம் என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பைப் பற்றி அம்மாவிடம் கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். நச்சுப் பாம்பு மொரீஷியஸ் காடுகளில் இல்லை. வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஓநாய்ப் பாம்பு போன்ற தீங்கற்றவையே உண்டு. கவனிக்க வேண்டியது மஞ்சள் குளவியை. புதருக்குள் தாழ்வாகக் கூடு கட்டும். பாதையை விட்டு விலகிக் கையை நீட்டும்போதுதான் கொட்டு வாங்குகிறோம்.

வெள்ளிமலை எழுதியது:

மேலே உள்ள பதிவு பயனுள்ளது என்றாலும், கொஞ்சம் அதிகமாகவே எச்சரிக்கிறது என நினைக்கிறேன். வெள்ளியங்கிரியில் ஏழு மலை கடந்து, இரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் மூங்கில் கழியை ஊன்றி ஏறி இறங்கும் ஒருவருக்கு, 812 மீட்டர் உயர மலை பெரிய சோதனை ஆகாது. தெற்குப் பக்கத் தொடக்க இடமே கடல்மட்டத்திலிருந்து கணிசமான உயரத்தில் இருக்கிறது. ஏறவேண்டிய உயரம் சுமார் 400 மீட்டர் மட்டுமே.

என் கருத்தில், மலையை முழுமையாக அனுபவிக்க விரும்புகிறவர்கள் போர்ட் லூயிஸ் பக்கமிருந்து, ட்ராங்கேபார் குடியிருப்பு வழியாகத்தான் ஏற வேண்டும். நம் தரங்கம்பாடியின் பழைய பெயரைத் தாங்கிய பகுதியிலிருந்து நடையைத் தொடங்குவதே தமிழர்களுக்கு ஒரு நிறைவு. பீகிள் கப்பல் அந்தத் துறைமுகத்தில் நின்ற நாள்களில், 1836 மே 2 அன்று, சார்லஸ் டார்வின் ஏறியதும் நகரத்துக்குப் பின்னால் எழும் இந்த மலைதான். தீவின் நடுப்பகுதி ஒரு பெரிய மேடை போலவும், அதைச் சுற்றிச் சிதைந்த பழைய எரிமலைப் பாறை மலைகள் கடலை நோக்கிச் சாய்ந்திருப்பதாகவும் அவர் குறித்து வைத்தது இந்தப் பகுதியைப் பார்த்துத்தான். நகரிலிருந்து ஏறி, உச்சியைத் தொட்டு, சேன் பியேர் பக்கம் இறங்கினால் முகட்டை முழுவதுமாகக் கடந்தவர்கள் ஆவீர்கள். வழிகாட்டிக்குப் பணம் செலவிடத் தேவையில்லை, பாதை தெளிவானது.

ஹற்றன்வாசி எழுதியது:

வெள்ளிமலை அண்ணாவின் கருத்தில் ஒரு பகுதியை ஏற்க இயலவில்லை. நான் இலங்கையில் சிவனொளிபாத மலையின் அடிவாரத்துக்கு அண்மையில் வளர்ந்தவன். அந்த மலை 2,243 மீட்டர் உயரம். ஆனால் பருவகாலத்தில் எண்பது வயது முதியவர்களும் கைக்குழந்தையோடு தாய்மாரும் ஏறுகிறார்கள். படிக்கட்டுகள் உண்டு, கைப்பிடிக் கம்பிகள் உண்டு, வழி நெடுகத் தேநீர்க் கடைகளும் விளக்குகளும் உண்டு, முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான அடியார்கள் இருக்கிறார்கள். வெள்ளியங்கிரியிலும் திறந்திருக்கும் மாதங்களில் கூட்டம் உடன் வருகிறது. இந்த மலைகளில் நாம் சேர்த்துக்கொண்ட பழக்கம் மூச்சுக்கும் தொடைக்கும் உதவும். ஆனால் படியில்லாத, கம்பியில்லாத, ஆளில்லாத களிமண் முகட்டில் எங்கே காலை வைப்பது, எப்போது திரும்புவது என்ற தீர்மானத்தை அது கற்றுத்தருவதில்லை. ஆகவே மீட்டர் கணக்கை ஒப்பிட்டு இந்த மலை எளிது என்று சொல்வது தவறான துணிவை ஊட்டிவிடும்.

தீவு மலைகளின் இயல்பு எங்கும் ஒன்றேதான். கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. முதலில் எதிர்ப்படும் உயரமான நிலத்தில் மோதி மேலெழுகிறது. குளிர்ந்து முகிலாகி, மழையாக இறங்குகிறது. மொரீஷியஸில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. அதனால் நடு மேட்டுநிலத்தில் உள்ள க்யூர்பிப் நனைந்துகொண்டே இருக்கும்போது, மலைக்கு மறுபுறம் போர்ட் லூயிஸில் வெயில் காயும். நகரில் நின்று வானத்தைப் பார்த்து முகட்டின் நிலையை மதிப்பிட முடியாது. ஜூலை அங்கே குளிர்காலம். மழை குறைவு என்று பயண ஏடுகள் சொல்வது கடற்கரையைப் பொறுத்தவரை சரி. முகட்டிலோ காற்று பலமாக இருக்கும், தூறலும் இடையிடையே வந்து போகும். அந்தத் தூறல் உடையை நனைக்காது, ஆனால் களிமண்ணின் மேற்பரப்பை வழுக்கலாக்க அதுவே போதும்.

முழங்கால் வலி உள்ளவருக்கு ஏற்றம் அல்ல, இறக்கமே சோதனை. அந்த வகையிலும் ஏறிய வழியே இறங்குவது நல்லது. எந்தத் திருப்பத்தில் வழுக்கும், எங்கே தண்டைப் பிடிக்கலாம் என்பது கால்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அறியாத பக்கத்தில், மாலையில், களைத்த கால்களோடு இறங்குவதை முதன்முறை செல்கிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடல்சூழ் எழுதியது:

ஹற்றன்வாசி சொன்னதை வழிமொழிகிறேன். ட்ராங்கேபார் பக்கப் பாதை அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏறவேண்டிய உயரம் ஏறக்குறைய இரட்டிப்பு, மரநிழல் அடர்ந்திருப்பதால் மழை விட்டு நெடுநேரம் ஆகியும் தரை காய்வதில்லை. உடன் வருபவர்கள் அனைவரும் இளைஞர்களாக இருந்து, தொடர்ந்து காய்ந்த நாள்களாக அமைந்தால், தெற்கே தொடங்கி நகருக்கு இறங்குவது நல்ல திட்டம். நகரிலிருந்து மெட்ரோ ரயில் பிடித்து வீடு திரும்பிவிடலாம், வண்டி நிறுத்திய இடத்துக்கு மறுபடி செல்லும் தொல்லை இல்லை.

மழையைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் குறுகிய நேரத்தில் கொட்டிய மழையால் வெள்ளம் புகுந்து 11 பேர் உயிரிழந்தார்கள். நகரைச் சூழ்ந்து நிற்கும் இதே மலைகளில் விழும் நீர், ஓடைகள் வழியே நகருக்குள்தான் இறங்குகிறது. பெருமழை எச்சரிக்கை அறிவிக்கப்பட்ட நாளில் இங்கே யாரும் மலைக்குச் செல்வதில்லை, செல்லவும் கூடாது. ஜூலையில் புயல் அச்சம் இல்லை. அது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. இருந்தாலும் காலையில் வக்வாவில் உள்ள வானிலை நிலையத்தின் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும், அந்தியும் நீளாது. காலை எட்டு மணிக்கு முன் நடையைத் தொடங்கிவிட்டால் இந்த நெருக்கடி எழாது.

வேர்நிலை எழுதியது:

நான் தாவரவியல் துறையைச் சேர்ந்தவள். மொரீஷியஸை உள்ளடக்கிய மஸ்கரீன் தீவுகளின் காடுகளைப் பற்றி ஓரளவு அறிவேன். பாதுகாப்பு பற்றி நன்றாகவே எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது, அந்த முகட்டில் கால் வைக்கிறவர்கள் எதன் மீது நடக்கிறார்கள் என்பதைப் பற்றி.

மொரீஷியஸின் இயற்கைக் காட்டில் இன்று நல்ல நிலையில் எஞ்சியிருப்பது தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. சமவெளியெல்லாம் கரும்பானது. உழ முடியாத செங்குத்துச் சரிவுகளும் கூர்முகடுகளுமே, வேறெங்கும் இல்லாத செடிகளுக்குக் கடைசிப் புகலிடமாயின. லெ மோர்ன், கோர் தெ கார்ட் ஆகிய இரு மலைகளில் மட்டுமே இயற்கையாக வளரும் ஒரு செம்பருத்தி இனம் உண்டு. மாந்த்ரினேத் என்று அங்குள்ளவர்கள் அழைக்கிறார்கள். விரல்விட்டு எண்ணத்தக்க செடிகளே பாறை இடுக்குகளில் எஞ்சியுள்ளன. நம் வீட்டு வாசலில் வளர்க்கும் சாதாரணச் செம்பருத்தியோடு கலந்து தன் இனத் தனித்தன்மையை இழந்துவிடும் அபாயமும் அதற்கு உண்டு. பிடிமானம் தேடிப் பாதைக்கு வெளியே கால் வைக்கும் ஒருவரின் எடைக்கு, முளைத்து நிற்கும் ஓர் இளஞ்செடி தாங்காது.

நீங்கள் பிடித்து ஏறப்போகும் கொய்யாத் தண்டுகளோ பிரேசிலிலிருந்து வந்தவை. அவை மிக நெருக்கமாக வளர்ந்து அடியில் எதையும் முளைக்கவிடுவதில்லை. அதைப் போலவே அந்த மலைகளை நிரப்பியிருக்கும் பிரிவெட் என்ற புதர், இலங்கையிலிருந்து சென்றது என்பதை மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. நம் சங்கப் பாடல்களில் மணக்கும் குருக்கத்திக் கொடியும் அங்கே மரங்களின் மேல் ஏறிப் போர்த்தி அவற்றைச் சாகடிக்கும் அயல் தாவரம். உலகின் மிக மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறு கொண்ட பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. 1892இல் கொண்டுவரப்பட்ட செம்மீசைச் சின்னான் என்ற பறவை கொய்யா, பிரிவெட் ஆகியவற்றின் பழங்களைத் தின்று விதைகளை முகடு முழுவதும் பரப்புகிறது. நம் தோட்டங்களில் கண்டு மகிழும் பூவும் பறவையும் ஒரு சிறிய தீவில் எவ்வளவு கேடு செய்ய முடியும் என்பதை அங்கே நேரில் காணலாம். எனக்கு அது ஆழ்ந்த வருத்தம் தரும் காட்சி.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கோவையிலிருந்து கொண்டு செல்லும் காலணிகளை அங்கே இறங்குவதற்கு முன்பே தேய்த்துக் கழுவிவிடுங்கள். அடிப்பகுதியின் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் மண்ணில் விதைகள் இருக்கும். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குச் செல்லும்போதும் அவ்வாறே செய்யுங்கள். பாதையில் சேறு தேங்கியிருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு ஓரத்தில் நடக்காமல் சேற்றின் ஊடாகவே நடங்கள். ஓரத்தில் நடக்க நடக்கத்தான் பாதை அகன்று, மழைநீர் அதில் ஓடி, முகட்டின் மண் கரைகிறது.

கொங்குநடை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தெற்குப் பக்கமிருந்து லெ பூஸ் ஏறி அதே வழியில் இறங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். காலணிகளை அம்மாவே தூரிகை வைத்துத் தேய்த்துக் கழுவிக் கொடுத்துவிட்டார்.

ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. தம்பிக்கு லெ மோர்ன் மீதுதான் ஆசை. இரண்டாம் நாள் அவனை மட்டுமாவது அனுப்பலாமா? அந்த மலையின் வரலாற்றைப் படித்தபின், அங்கே ஏறுவது முறையா என்ற தயக்கமும் எனக்கு இருக்கிறது.

கடல்சூழ் எழுதியது:

தயக்கம் நியாயமானது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிக்கப்பட்ட செய்தியைச் சொல்ல வந்த படையினரைத் தங்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி, பலர் பாறை விளிம்பிலிருந்து குதித்து உயிர்விட்டார்கள் என்பது இந்நாட்டு மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் செய்தி. 2008இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்த அடிமைகளின் வழிவந்த கிரியோல் நண்பர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். ஏறக்கூடாது என்று அவர்கள் சொல்வதில்லை, அங்கே நடந்ததை அறிந்து ஏறுங்கள் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு. அடிவாரத்தில் நினைவிடம் இருக்கிறது, முதலில் அங்கே சென்று நின்றுவிட்டு வாருங்கள்.

நடையைப் பொறுத்தவரை அது இரண்டு வேறு மலைகள் என்றே கொள்ள வேண்டும். பாதிவரை அகன்ற, மெல்ல உயரும் பாதை. அப்பா உள்பட யாரும் நடக்கலாம், கடற்காயலின் நீலத்தைப் பார்ப்பதற்கு அதுவே போதும். அதற்கு மேல் பாறையில் தொற்றி ஏற வேண்டும். பாதை முடியும் சிலுவை வரை அப்படித்தான். தம்பி மட்டும் என்றாலும் தனியாக அனுப்பாதீர்கள், அங்கே வழிகாட்டியோடு செல்லட்டும். மலையின் உண்மையான உச்சி அந்தச் சிலுவைக்கும் அப்பால் இருக்கிறது. அதற்குப் பொதுமக்கள் செல்லும் பாதை இல்லை. நுழைவாயிலில் நேர வரம்பு உண்டு, முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 114. கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்கியவர்களைக் காவல்துறையின் சிறப்புப் பிரிவினர் வந்து மீட்கிறார்கள், தேவைப்பட்டால் ஹெலிகாப்டரும் வரும். ஆனால் முகில் மூடியிருக்கும் முகட்டுக்கு அது உடனே வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

கொங்குநடை எழுதியது:

பயணம் முடிந்து ஊர் திரும்பிவிட்டோம். உதவியவர்களுக்கு நடந்ததைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

லெ பூஸ் செல்லத் திட்டமிட்ட காலையில் நாங்கள் தங்கியிருந்த ரோஸ் ஹில்லில் வானம் தெளிவாக இருந்தது. சேன் பியேரைக் கடக்கும்போதே முன்கண்ணாடியில் தூறல் விழத் தொடங்கியது. கரும்புத் தோட்டத்தைத் தாண்டும்வரை நின்று நின்று பெய்தது, பிறகு ஓய்ந்தது. கொய்யாக் காட்டுக்குள் மண் நீங்கள் எழுதியபடியே இருந்தது. காலணியின் அடியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் கனம் கூடியது. அப்பா மூங்கில் கழிக்குப் பழகியவர் என்பதால் வாங்கிச் சென்றிருந்த நடைக்கழி இரண்டும் அவருக்கு மிகவும் உதவின. எங்கள் இருவரையும்விட உறுதியாக நடந்தார். கழியின் முனையை மண்ணில் ஊன்றுவதற்கு முன் வேர் இருக்கும் இடத்தைத் தேடி அதன் மேற்பக்கம் ஊன்றுவதை அவரிடம் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். சேற்றைச் சுற்றாமல் ஊடாகவே நடந்தோம்.

தோளை அடைந்தபோது காற்று எங்களைச் சாய்த்துவிடும் போல அடித்தது. நகரமும் துறைமுகமும் வெயிலில் ஒளிர்ந்தன. திரும்பிப் பார்த்தால், தெற்கே நாங்கள் ஏறிவந்த மோக்கா பக்கம் முழுவதும் சாம்பல் நிறத்தில் மூடியிருந்தது. ஹற்றன்வாசி விளக்கியதை ஒரே இடத்தில் நின்று இரு கண்ணாலும் பார்த்தோம். செங்குத்துப் பாறையை ஒட்டி நீண்ட வாலுடைய வெண்ணிறக் கடற்பறவைகள் வட்டமிட்டன.

அப்பா அங்கேயே, காற்று மறைவான ஒரு பாறைக்குப் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். யாரையும் தனியே விடக்கூடாது என்பதால் நான் முதலில் சென்று வருவது, பிறகு தம்பி செல்வது என்று வைத்துக்கொண்டோம். எனக்கு முன்னே உள்ளூர் இளைஞர்கள் சிலர் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எங்கே கை வைக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து ஏறினேன். பாறையில் பிடிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் எல்லாம் தேய்ந்து மழுங்கியவை. உச்சியில் நிற்க இடம் போதுமானதாக இருந்தது. வடக்கே கடலில் கூரை போலச் சரிந்து நிற்கும் குவான் தெ மீர் தீவும், தென்மேற்கே கோர் தெ கார்ட் மலையும் தெரிந்தன. நான் இறங்கி முடிப்பதற்குள் முகில் முகட்டைத் தொட்டுவிட்டது. பாறையின் நிறம் கறுத்தது. தம்பியின் முறை வந்தபோது அந்த இளைஞர்களே ஈரமாகிவிட்டது என்று சைகை காட்டினார்கள். சற்று நேரம் காத்திருந்தும் தெளியவில்லை. அவன் ஏறவில்லை, மூவரும் திரும்பிவிட்டோம். மறுநாள் வழிகாட்டியோடு லெ மோர்ன் சிலுவை வரை சென்று வந்தான்.

வெள்ளிமலை எழுதியது:

மகிழ்ச்சி. ஆனாலும் அவ்வளவு தூரம் சென்ற தம்பி உச்சியைத் தொடாமல் திரும்பியது எனக்கு மனக்குறையாகவே இருக்கிறது. உங்கள் விவரிப்பின்படி பாறை நனைந்தது மேலாகத்தானே? ஏற்கெனவே ஏறியவர்கள் அங்கே இருந்தார்கள், துணை இருந்தது. இன்னும் அரைமணி நேரம் காத்திருந்து, கவனமாக ஏறியிருக்கலாம் என்பது என் எண்ணம். எந்த முகட்டிலும் ஓரளவு ஈரம் இருக்கத்தான் செய்யும். முற்றிலும் காய்ந்த பாறைக்காகக் காத்திருந்தால் யாரும் எந்த மலையும் ஏற முடியாது.

ஹற்றன்வாசி எழுதியது:

அண்ணா, ஏறுவதற்கு அந்த ஈரம் தடையாக இருந்திருக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஏறும்போது பிடி கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, உடல் எடை பாறையை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இறங்கும்போது காலால் துழாவித்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எடை முழுவதும் சப்பாத்தின் நுனியில் நிற்கிறது. மழுங்கிய எரிமலைப் பாறையில் மேலாக நனைந்த நிலையே மோசமானது, ஏனெனில் அதற்குள் காலடிச் சேறும் கலந்து மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். நன்றாகக் கொட்டிய மழை அந்தச் சேற்றையாவது கழுவிக்கொண்டு போய்விடும். முகில் எத்தனை நேரம் தங்கும் என்பது தெரியாத நிலையில், அந்தத் தம்பி மேலே இருக்கும்போது ஈரம் கூடியிருந்தால், கீழே தந்தையோடு நிற்கும் சகோதரியால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. காத்திருந்து பார்த்ததும் சரி, திரும்பியதும் சரி.

உச்சியைத் தொட்டால்தான் அந்த நடை நிறைவுறும் என்ற எண்ணம் நமக்குக் கோயில் மலைகளிலிருந்து வந்திருக்கலாம். அங்கே மேலே சந்நிதி இருக்கிறது, அதைக் காணாமல் திரும்புவது குறை. லெ பூஸில் தோளும் உச்சியும் ஒரே முகட்டின் இரண்டு இடங்கள்.

வேர்நிலை எழுதியது:

சேற்றின் ஊடாக நடந்ததற்கு என் நன்றி, கொங்குநடை. எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்; செய்தோம் என்று திரும்ப வந்து எழுதியவர்கள் குறைவு. ஊர் திரும்பியபின் காலணிகளை மறுபடியும் கழுவினீர்களா? அங்கிருந்து இங்கே கொய்யா விதை வருவதும் நமக்கு நல்லதல்ல.

தைநிலவு எழுதியது:

இந்த இழையை இப்போதுதான் படித்தேன். வரும் தைப்பூசத்துக்கு மொரீஷியஸ் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். கோர் தெ கார்ட் சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே அந்த மலையின் முகட்டிலும் ஏறிவிடலாம் என்று எண்ணுகிறோம். ஒரே நாளில் இயலுமா?

கடல்சூழ் எழுதியது:

கோயில் காத்ர் போர்ன் பக்கச் சரிவில் இருக்கிறது, படிகளேறி வழிபடலாம். தைப்பூசம் இந்நாட்டில் பொது விடுமுறை என்பதால் அன்று அடிவாரச் சாலைகள் காவடிகளாலும் அடியார்களாலும் நிறைந்திருக்கும். அது நாள் முழுவதும் இருந்து பார்க்க வேண்டிய விழா. முகட்டுப் பாதை வேறு, ரோஸ் ஹில் பக்கமிருந்து தொடங்குவது; கோயிலின் படிகள் உச்சிக்கு இட்டுச் செல்வதில்லை. இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

அத்துடன் தை மாதம் இங்கே கோடையும் மழையும் புயலும் சேர்ந்த காலம். புயல் எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு வரை வகுப்பு வகுப்பாக அறிவிக்கப்படும். முதல் வகுப்பு அறிவித்த உடனேயே மலைத் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள். கோர் தெ கார்டின் முகடு லெ பூஸைவிடக் குறுகலானது, கைகளை ஊன்ற வேண்டிய இடங்களும் அங்கே கூடுதல். வேர்நிலை குறிப்பிட்ட செம்பருத்தி வளரும் இரு மலைகளில் அதுவும் ஒன்று. விழாவுக்குப் பிறகு தொடர்ந்து காய்ந்த நாள்கள் கிடைத்தால், அறிந்தவர் ஒருவரோடு அதிகாலையில் தொடங்குங்கள். எந்தத் தேதிகளில் இங்கே இருப்பீர்கள் என்று எழுதினால், அந்த வாரத்தின் நிலையைப் பார்த்து நான் இங்கேயே பதில் சொல்கிறேன்.